உட்கார்ந்துவிட்ட மகனுக்கு

செந்தில், அம்மா எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. உன் சுகத்தை என் மருமகள் வசந்தி போனில் சொல்லிவிட்டாள், அதனால்தான் இந்தக் கடிதமே. ஒரே ஊரில் இருந்துகொண்டு இந்த மூலை ஆகுர்டியிலிருந்து அந்த மூலை லோஹேகாவுக்குத் தபால் போடுகிறாளே என்று நீ சிரிக்கலாம். போனில் பேசினால், "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உன் மகள் நித்யா கையில் கொடுத்துவிடுகிறாய். தாளை அப்படித் தள்ளிவிட முடியாது, அது மேஜை மேலேயே கிடக்கும். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பெரிதாக எழுதினால்தான் எனக்கும் கோணாமல் வரும். நீ திணறினால் வசந்தி வாசித்துக் காட்டட்டும், நித்யாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். ஒளித்து எழுத இதில் ஒன்றும் இல்லை.

விளையாட்டு நாளில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு அந்தப் பேச்சை இழுக்க மாட்டேன். உன் பாங்கில் ஆபீசர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று கபடி வைத்தார்கள். மேனேஜர் சார் காலேஜில் ஆடியவர் என்று யாரோ கிளப்பிவிட, மேனேஜரான நீயும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டாய். நீ இறங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆகுர்டி மைதானத்தில் நீ ஆடுகிற காலத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதெல்லாம் உன் மனசில் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு இருபது வருஷமாக உடம்பு நாற்காலியில் இருந்தது மனசுக்குத் தெரியாது. முதல் தடவை பாடிப் போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பினாயாம், எல்லாரும் கை தட்டினார்களாம். இரண்டாவது தடவை பாட்டு பாதியில் நின்றுவிட்டது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, எதிர்ப்பக்கத்து மண்ணிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உன்னைப் பிடிக்க வந்த பையன்களே உன்னைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் கூப்பிட்டு மெஷின் மேல் நடக்கவிட்டும் பார்த்தார்கள். நெஞ்சில் அடைப்பு ஒன்றும் இல்லை, பிரஷர் கூடியிருக்கிறது, எடை கூடியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், தினமும் மெதுவாக நடக்க ஆரம்பியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், என்னைக் கேட்காமல் ஓடவோ ஆடவோ வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு நான் விளக்கேற்றினேன். நீ டாக்டர் சொன்னதில் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டாய். நடையை விட்டுவிட்டாய். மழைக்காலம் போய்க் குளிர்காலமும் வந்துவிட்டது. முனைக் கடையில் பால் வாங்கக் கார் எடுக்கிறாயாம். முதல் மாடிக்கு லிஃப்டுக்காக நிற்கிறாயாம். நித்யா பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடிக் கப்பு வாங்கிய அன்று, கேட்டிலிருந்து மைதானம் தூரம் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தாயாம். வசந்தி இதைக் குறையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள். பிறகு நித்யா போனை வாங்கி மெதுவான குரலில், "ஆச்சி, அப்பாவுக்கு டைம் இல்லாம இல்ல. அப்பா பயப்படுறாரு. கேட்டா கோபம் வருது" என்றாள். பதினைந்து வயசுப் பெண் இப்படிப் பேசுவதைக் கேட்டு ஒரு பக்கம் எனக்குப் பெருமை, ஒரு பக்கம் வருத்தம்.

பயந்ததற்காக உன்னை யார் கேலி பண்ணினாலும் நான் பண்ண மாட்டேன். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தவள். என்னை அதிலிருந்து எழுப்பியவன் நீ. அதை நீ மறந்திருக்கலாம். செய்தவர்களுக்கு மறந்துபோகும், வாங்கிக்கொண்டவர்களுக்கு மறக்காது. அதனால் இது உனக்கு நான் சொல்லும் புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. நீ எனக்குச் செய்ததை ஒரு தடவை உட்கார்ந்து நினைத்துப் பார்த்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் எப்படி உட்கார்ந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. உங்கப்பா ஃபாக்டரிக்குப் போன நாளில் நாம் ஒற்றை அறை வரிசை வீடுகள் உள்ள சாலில் இருந்தோம், குழாய் கீழே, வீடு மாடியில். நாள் முழுக்க ஏறி இறங்கினேன், அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை, எனக்கும் அது அலுப்பாகத்தான் இருந்தது. பிறகு இந்த ஃப்ளாட் வந்தது, வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது, மிக்சி வந்தது, துணி துவைக்கிற மெஷினை நீ உன் முதல் போனஸில் வாங்கினாய். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சுகத்துக்கு ஏங்கினவள் நான். உங்கப்பா போன பிறகு வெளியே போகவும் ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தேன். உடம்பு பெருத்தது, சுகர் வந்தது. பாதம் பஞ்சு மேல் வைத்த மாதிரி மதமதவென்று இருந்தது. வயசானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சுகர் பாதத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

நித்யா பிறக்கும்போது வசந்தி பட்ட பாடு உனக்குத் தெரியும். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால் இங்கே நம் முருகன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று வெறுங்காலோடு சுற்றுகிறேன் என்று திருச்செந்தூர் இருக்கிற திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். குழந்தை தங்க விக்கிரகம் மாதிரி வீடு வந்தாள். நான் சுற்றவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி அவளுக்கு நாலு வயசு ஆகிவிட்டது. அந்தக் கோடையில் அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தபோது, நாம் பாக்கி வைத்ததுதான் பிள்ளையைப் படுத்துகிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. அப்போது ஒரே வீட்டில் இருந்தும் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பீர்கள். சஷ்டி அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தேன், ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டேன். மாத்திரை மருந்துதானே, சாப்பாடு இல்லையே, விரதம் கெடாது என்று கணக்குப் போட்டேன். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று தெரியவில்லை. நம் பெண்டுகளில் எத்தனை பேர் இன்னும் இந்தக் கணக்கைப் போடுகிறார்களோ, நினைத்தால் பயமாக இருக்கிறது. வருஷக்கணக்காக வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மட்டும் நடந்தவள், நம்மாட்கள் சேர்ந்து கட்டிய அந்த முருகன் கோயிலில், மே மாதத்து வெயிலில், காய்ந்த கல் மேல் வெறுங்காலோடு சுற்றத் தொடங்கினேன்.

கல் சுடவே இல்லை. முருகன் கிருபை, சூடே தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு சுற்றினேன். சுடாமல் இல்லை, என் காலுக்குத் தெரியவில்லை. பாதிக்கு வருவதற்கு முன்னாலேயே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கோபுரம் சாய்கிற மாதிரி இருந்தது. விழுந்தேன். குருக்கள் வாயில் சர்க்கரைப் பொங்கலைத் திணித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நீ பாங்கிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்தாய். வீட்டில் காலைத் திருப்பிப் பார்த்தவன் நீதான். பாதத்தில் பெரிய கொப்புளங்கள், கட்டைவிரல் அடியில் தோல் உரிந்து ரத்தம். எனக்கு வலிக்கவே இல்லை. "வலிக்கலியே, ஒண்ணுமில்லப்பா" என்றேன். உன் முகம் வெளுத்தது. "வலிக்கலன்னுதாம்மா பயமா இருக்கு" என்றாய்.

சிஞ்ச்வடில் அந்த மராத்தி டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். புண் ஆறினால் ஆறும், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. அந்த மாதங்கள் உனக்கு எப்படிப் போயின என்று இப்போதுதான் நினைக்கிறேன். தினமும் காலையில் பாங்குக்குப் போகும் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் காலை உன் மடியில் வைத்து, கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டுவாய். சட்டையில் மருந்துக் கறை படும் என்று பனியனோடு உட்காருவாய். நான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெற்ற பிள்ளை காலைப் பிடிப்பதில் தாய்க்கு என்ன வெட்கம் என்று வசந்தி கேட்டாள். அவள் கேட்டது சரிதான், ஆனாலும் வெட்கமாக இருந்தது. ஒருநாள்கூட நீ, ஏன் எங்களிடம் சொல்லாமல் போனாய் என்று கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி, ராசா. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அந்தப் பதிலில் குழந்தையின் பெயர் வந்திருக்கும், அது அவள் தலையில் பாரமாக ஏறியிருக்கும். இப்போது அவள் பெரியவளாகிவிட்டாள், கேட்கட்டும். நித்யா, உனக்காக விழுந்தேன் என்று நினைக்காதே, என் அவசரத்தால் விழுந்தேன்.

புண் ஆறியது. விரல் தங்கியது. டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, இனி தினமும் நடக்க வேண்டும், நடந்தால்தான் சுகர் அடங்கும், பாதத்துக்கு ரத்தம் ஓடும் என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நடந்ததால்தானே வந்தது இவ்வளவும்? இனி நடக்கவே மாட்டேன் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்லவில்லை. முட்டி வலி என்றேன், வெயில் என்றேன், மழை என்றேன், சீரியல் வருகிறது என்றேன். பார்த்தாயா செந்தில், நீ இப்போது சொல்கிற காரணமெல்லாம் எனக்குப் பாடம். மீட்டிங் ஒன்றுதான் எனக்கு இல்லாமல் போயிற்று.

மழை நின்ற ஒரு சாயங்காலம் நீ பால்கனிக்கு வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாய். அன்றைக்கு நான் எரிந்து விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? என்னைச் சும்மா விட மாட்டாயா, இருக்கிற காலத்தைக் கழித்துவிட்டுப் போகிறேன் என்றேன். நீ சத்தம் போடவில்லை.

"கால் இருந்தும் இப்படியே உக்காந்திருந்தா, அந்த டாக்டரம்மா இத எதுக்கும்மா காப்பாத்துனாங்க?" என்றாய்.

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நடக்கச் சொல்லல. ஷிந்தே காகு வீட்டுக் கதவு வரைக்கும் வா. தொட்டுட்டுத் திரும்பிருவோம். ஆராம்ஸே, மெதுவா."

ஷிந்தே காகு வீடு எது? எதிர் வரிசையில் கடைசிக் கதவு, நீ அத்தை முறை வைத்துக் காகு என்று கூப்பிடுகிற அந்த மராத்தி அம்மாள் வீடு. அதைத் தொட்டேன், திரும்பி வந்தேன். அவ்வளவுதான் முதல் நாள். மறுநாளும் அதேதான். ஒரு வாரம் முழுக்க அந்த வராந்தாவையே நடந்தோம். நான் உள்ளுக்குள், இதென்ன நடையா, சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு கீழே இறங்கி பில்டிங் கேட் வரை. பிறகு இஸ்திரி வண்டி வரை. கூட்டுவதாக இருந்தால் நீ முதல் நாளே சொல்ல மாட்டாய், நடந்து முடித்த பிறகு, "நேத்தவிட இன்னைக்கு ஒரு கட்டடம் தாண்டிட்ட" என்பாய். அலுப்பாக இருந்த நாளில், போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று நீயே திருப்பிக் கூட்டிவந்தாய். காய்ச்சல் வந்த வாரம் நடக்கவே விடவில்லை. பிறகு ஆரம்பித்தபோது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மறுபடி கேட்டிலிருந்தே தொடங்கினாய். கோயிலில் ஒரே நாளில் முடிக்கப் பார்த்த எனக்கு இந்தப் பொறுமை புதுசு.

ஷூ வாங்கிய கதையை நித்யா கேட்டதில்லை. பாதத்தை மூடுகிற மெத்து ஷூ போடாமல் வாசல் தாண்டக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் நீ என்னைக் கடைக்கு இழுத்துப் போனாய். கடைக்காரப் பையன் எந்த வயசுப் பையனுக்கு என்று உன்னைக் கேட்டான். நீ என்னைக் காட்டினாய். அவன் என் புடவையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், வாய்க்குள் சிரித்தான். நான் எழுந்திருக்கப் போனேன். நீ அவனிடமிருந்து ஷூவை வாங்கி, அத்தனை பேர் பார்க்க மண்டி போட்டு உட்கார்ந்து, காலுறை மடிப்பு விரலில் குத்துகிறதா என்று தடவிப் பார்த்து, நீயே நாடாவைக் கட்டினாய். அந்தப் பையன் சிரிப்பை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ஷிந்தே காகு, செந்தில் ஆயி இனிமேல் கிரிக்கெட் மேட்சுக்குத்தான் போவார்கள் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அடுத்த மாதமே அவளும் புடவைக்குக் கீழே அதே ஷூவைப் போட்டுக்கொண்டு, எந்தக் கடை, எவ்வளவு குறைத்தான் என்று என்னிடம் வந்து நின்றாள். அதிலிருந்து நான் நடக்கப் போகிற தோட்டத்தில் அவள்தான் எனக்குத் துணை.

அவள் வேகமாக நடப்பாள். ஒருநாள் அவளோடு சரிசமமாக நடந்து காட்ட வேண்டும் என்று எனக்கு ரோஷம் வந்து, முட்டி வீங்கி வீட்டில் கிடந்தேன். நீ ஐஸை வைத்துக்கொண்டே, "அவங்க கால் அவங்களுக்கு, உன் கால் உனக்கு. முந்தணும்னா ரேஷன் க்யூவுல முந்து" என்றாய். வீக்கத்திலும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நடக்கும்போது நீ என்னை ஏதாவது பேசவைத்துக்கொண்டே வருவாய். பேச முடிகிறது என்றால் வேகம் சரி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும் என்பது உன் கணக்கு. இதை நான் உன் கபடியோடு சேர்த்து யோசித்துப் பார்த்தேன். கபடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும், விட்டால் ஆட்டம் போயிற்று. நடையில் மூச்சைப் பிடிக்கவே கூடாது. உனக்கு உடம்பு என்றால் மூச்சைப் பிடிக்கத்தான் தெரியும், சின்ன வயசிலிருந்து அப்படியே பழகிவிட்டாய். எனக்கு விடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நீ மட்டும் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?

நீ சொன்ன மற்றதையும் நான் விடவில்லை. வெறும் வயிற்றோடு இறங்குவதில்லை, வயிறு நிறையத் தின்றுவிட்டும் இறங்குவதில்லை. சுகர் இறங்கினால் வாயில் போட முந்தானையில் எப்போதும் நாலு பெப்பர்மிண்ட் முடிந்திருக்கும். குளிர்காலத்தில் வெயில் வரும் வரை வீட்டில்தான். புறப்பட்டதும் மெதுவாக, திரும்பும்போதும் மெதுவாக, நடுவில்தான் கொஞ்சம் வீச்சு. நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ பிடித்தமோ பாரமோ வந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடிக்காமல் அப்படியே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும் என்றாய். கடவுள் புண்ணியத்தில் அப்படி வந்ததில்லை, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஷிந்தே காகுவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். படுக்கும் முன் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதத்தைப் பார்த்துவிடுகிறேன். டாக்டரம்மா என் மாத்திரையில் ஒன்றைக் குறைத்துவிட்டார். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் மாதிரி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். மிச்சச் சுற்றையும் முடித்தேன், வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சமாக, காலுறை போட்டுக்கொண்டு. குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, சுவாமி யார் காலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை மாமி என்றார். முருகனுக்கு அவசரமே இருந்ததில்லை, எனக்குத்தான் இருந்தது.

இவ்வளவும் நீ கொடுத்தது. ஃபாக்டரித் தொழிலாளி மகன் பாங்கு மேனேஜர் ஆனான் என்று நம்மாட்களிடம் நான் பெருமை பேசியிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்துப் பெஞ்சில் என் பேத்தி கோ-கோவில் கப்பு வாங்கியதைச் சொல்லி முடித்ததும் அடுத்துச் சொல்வது உன் பாங்கை இல்லை, என் காலை உன் மடியில் வைத்துக் கட்டியதைத்தான். கேட்கிறவர்கள், கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். ஆமாம், கொடுத்து வைத்தவள்தான்.

அதனால்தான் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. நீ உன் ஸ்டாஃப் முன்னால் விழுந்துவிட்டாய், அது உனக்கு மானக்கேடு. நான் கோயிலில் முந்தானை விலக, ஊரே பார்க்க விழுந்தவள். விழுந்ததால் ஒன்றும் குறையவில்லை, எழுந்திருக்காமல் இருந்த மாதங்கள்தான் என்னைக் குறைத்தன. உன் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று மெஷினே சொல்லிவிட்டது. அதை நீ நாற்காலியில் வைத்துப் பத்திரப்படுத்த முடியாது. அப்படிப் பத்திரப்படுத்தினால் மெஷின் சொன்னது கொஞ்ச வருஷத்தில் பொய்யாகிவிடும். ஓடச் சொல்லவில்லை, கபடி வேண்டவே வேண்டாம், கால் வலிக்க வலிக்க நடக்கவும் சொல்லவில்லை. நித்யா ஆடுகிற மைதானம் வரை உன் காலால் போக வேண்டும். அடுத்த வருஷம் அவள் கப்பு வாங்கும்போது கை தட்டுகிற சத்தத்தில் உன் சத்தமும் அவளுக்குக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு முன்னால் அந்த டாக்டரைப் போய் இன்னொரு தடவை பார், மாத்திரை சாப்பிடுகிறேன், எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று வாயைத் திறந்து கேள். உனக்குக் கேட்க வெட்கமாக இருந்தால் வசந்தி கேட்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். ஸ்டேஷன் வரை ஒரு பஸ், அங்கிருந்து லோஹேகாவ் பஸ், தனியாகவே வந்துவிடுவேன், ஷிந்தே காகு இங்கே ஏற்றிவிடுவாள். ஒரு மாதம் தங்கலாம் என்று துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். காலை பதினொரு மணி போல உங்கள் பக்கத்து ஸ்டாப்பில் இறங்குவேன். வசந்தியைக் கேட்டேன், வீட்டிலிருந்து ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷ நடை என்றாள், நடுவில் ஒரு வேப்பமரமும் அதன் கீழே உட்கார ஒரு கட்டையும் இருக்கிறதாம். கார் எடுத்து வராதே. வசந்தியையோ நித்யாவையோ அனுப்பாதே. நீ நடந்து வா. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வா, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வா. நேரமாகிறதே என்று நான் ஆட்டோ பிடிக்க மாட்டேன். நீ வரும் வரை ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா